சவுரியம்மாள் கடிதத்தின் மிச்சம்

வணக்கம் சொல்லி ஆரம்பிக்க மாட்டேன். நலம், நலமறிய ஆவல் என்றும் எழுத மாட்டேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படி என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

'நான் அறிந்த மனிதர்' என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பகுதி வருகிறது. இதுவரை ஒரு தலைமையாசிரியர் வந்தார், ஒரு டாக்டர் வந்தார், கோயில் கட்டிய செல்வந்தர் ஒருவர் வந்தார். நான் அறிந்த மனிதர் சவுரியம்மாள். திண்டிவனத்தில் ஒரு மண்டிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறவள். உங்கள் ஊரில் அதை நிலக்கடலை என்பீர்கள்.

விதைக்குப் போகிற மல்லாட்டையை மெஷினில் போட முடியாது. பருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டால் முளைக்காது. அதனால் கையால்தான் உடைக்க வேண்டும். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உடைப்போம். உடைக்கிற வேலை இல்லாத நாளில் சொத்தை பொறுக்குவோம். நாங்கள் பன்னிரண்டு பேர். அதில் அப்போது எழுத்து தெரிந்தவள் சவுரி ஒருத்திதான்.

அவள் கிளியனூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா பெயர் தொம்மை, மாட்டுவண்டி ஓட்டியவர். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தாள். அம்மா செத்ததும் படிப்பு நின்றது. அந்தக் கன்னியர்கள் அவளுக்கு எழுத்தோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் ஊட்டிவிட்டார்கள். கடிதம் என்றால் முதலில் வந்தனம், அடுத்து பாராட்டு, அடுத்து நன்றி, அதற்குப் பிறகுதான் காரியம். செபஸ்தியானைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. செபஸ்தியான் தண்டவாள வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை அவருக்குச் சம்பளம் வராமல் போனபோது சவுரி மேலதிகாரிக்கு மனு எழுதினாள். பக்கத்தில் முக்கால்வாசி அந்த அதிகாரியின் குடும்ப க்ஷேமத்துக்கு வேண்டுதல். சம்பள விஷயம் கடைசி இரண்டு வரியில் இருந்தது. அப்போது நாங்கள் சிரித்தோம். பின்னால் அதுவே எங்கள் தலையில் விடியும் என்று யாருக்குத் தெரியும்?

சோறு கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளை அவள் பிரித்து ஒருநாள் சத்தமாகப் படித்தாள். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் வாசிப்பு. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 'பொழுதுமணி' வார இதழ் வாங்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இதழ் வரும். அவள் படிக்கிற நேரத்தில் அவள் கை சும்மா இருக்குமே, வேலை குறையுமே என்று லட்சுமியம்மாள் ஒரு வழி சொன்னாள். லட்சுமியம்மாள் எங்களில் மூத்தவள், தொண்டையும் பெரியது. வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தான் உடைத்த பருப்பில் ஒரு பிடி அள்ளி சவுரியின் முறத்தில் போட வேண்டும். அதற்குக் கதைப் பிடி என்று பெயர் வந்தது. யாரும் ஒரு வாரமும் தவறியது இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் பொழுதுமணியில் 'நீலக்கவசன்' என்று இருபத்தாறு வாரச் சித்திரத் தொடர் வந்தது. பஞ்சம் பிடித்த ஒரு நாடு. நெல்லையெல்லாம் மலைக் கிடங்கில் பூட்டி வைத்த ஒரு மகா பாவி. கல் உடைக்கிறவன் ஒருவனுக்குப் பாழுங் கிணற்றில் ஒரு நீலக் கவசம் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் பாறையைத் தூக்குவான், சுவரைப் பிளப்பான், பறக்கக்கூடச் செய்வான். ஆனால் கழற்றியதும் மூன்று நாளைக்கு விரலைக்கூட அசைக்க முடியாது. அந்த மூன்று நாளும் அவனை ஒளித்து வைத்துக் கஞ்சி ஊற்றுகிறவள் மரகதம். உப்பு விற்கிறவள். பதினாலாம் வாரத்தில் சேவகர்கள் வந்து அவள் உள்ளங்கையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. கம்பி வைத்த கட்டத்தை இதழை வாங்கி வாங்கிப் பார்த்தோம். எங்கள் கையும் அப்படித்தானே இருக்கிறது.

இருபத்தாறாம் வாரம் வந்தது. சவுரி படித்தாள். நீலக்கவசன் கிடங்கு வாசலில் நிற்கிறான். பாவி அவன் தோளில் இருக்கிற மச்சத்தைப் பார்க்கிறான். 'மகனே!' என்கிறான். இவன் 'தந்தையே!' என்கிறான். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அரண்மனை, மேளம், மந்திரி மகள் மாலையோடு வருகிறாள். முற்றும்.

"அப்புறம்?" என்றாள் லட்சுமியம்மாள்.

"அவ்ளோதான். முற்றும்னு போட்டுட்டான்."

"மரகதம் எங்கடி? நல்லாப் பாரு, பக்கம் ஒட்டிக்கினு இருக்கப் போவுது."

சவுரி எச்சில் தொட்டுப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. கல்யாணக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் விரல் வைத்துத் தேடினோம். ஓரத்தில்கூட மரகதம் இல்லை. செத்துப்போனாள் என்று ஒரு வரி இருந்தாலாவது அழுதுவிட்டுப் போயிருப்போம்.

"சூடு வாங்கினவ இவ, மாலை வாங்கறவ அவளா?" என்று லட்சுமியம்மாள் முறத்தைத் தட்டினாள்.

"நெல்லு இன்னா ஆச்சிக்கா? கிடங்கைத் தொறந்தானா இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"தொறக்கலை. இவனே அதுக்கு எஜமான் ஆயிட்டான்."

"அப்ப இன்னாத்துக்கு அந்தக் கவசம்? கெணத்துலயே கெடந்திருக்கலாமே!"

அப்படிக் கத்தியது நான்தான். கதைதானே என்று நீங்கள் சொல்லலாம். ஆறு மாதம் ஒருத்தியை எங்கள் நடுவில் உட்கார வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பெயரைக்கூடச் சொல்லாமல் துரத்தினால் அது கதை மட்டும் இல்லை. எங்களுக்கு அது தெரிந்த விஷயம்.

அன்றைக்கே கடிதம் எழுத முடிவு செய்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னோம், சவுரி ஒரு முழுநீளத் தாளில் எழுதினாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். "ஆனால் மரகதம் எங்கே? பத்தொன்பது வாரம் அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். உள்ளங்கையில் சூடு வாங்கினாள். கடைசி வாரத்தில் அவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லையா? கிடங்கைத் திறக்காத வீரன் எங்களுக்கு வேண்டாம். மரகதத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கதையை ஆரம்பியுங்கள்." கேட்கக் கேட்க நெஞ்சு ஆறியது. முதல் வார்த்தை ஏன் 'ஆனால்' என்று இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி தேவநாதனிடம் சீல் மையை வாங்கி, கீழே பதினோரு பேரும் கட்டைவிரல் வைத்தோம். மல்லாட்டை ஓடு எங்கள் ரேகையைத் தின்றுவிட்டிருந்தது, பாதிதான் விழுந்தது. பன்னிரண்டாவதாகச் சவுரி கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் வாரம் பொழுதுமணியில் 'முடிவு பற்றி வாசகர்கள்' என்று ஒரு பக்கம் வந்தது. அன்று இதழை முதலில் தேவநாதன் கைப்பற்றிக்கொண்டார். எங்களைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு ருசி.

"இன்னாம்மா, பெரிய சண்டைக் கடுதாசி போட்டோம்னு குதிச்சீங்களே? உங்க லெட்டரு வந்திருக்குது, கேளுங்க."

படித்தார். "தாங்கள் இருபத்தாறு வாரங்களாக வழங்கிய நீலக்கவசன் தொடரைப் படித்து எங்கள் கொட்டகையே பெருமகிழ்ச்சி அடைந்தது. சித்திரங்கள் உயிருள்ளவை போல் இருந்தன. இத்தகைய கதையை நிறைவு செய்து தந்த தங்களுக்கு எங்கள் பணிவான நன்றி. சவுரியம்மாளும் தோழியரும், திண்டிவனம்."

"மேல படிங்க," என்றாள் லட்சுமியம்மாள்.

"மேல இன்னா இருக்குது? சேலத்துக்காரர் ஒருத்தரு தகப்பனும் மகனும் சேர்ந்ததப் பாத்துக் கண்ணீர் வுட்டாராம். இன்னொருத்தரு மந்திரி மகளுக்கு நகை பத்தலைன்றாரு. ஒருத்தருக்கு மட்டும் கோவம், அட்டைப்படத்துல நீலம் வெளுத்துப் போச்சாம்."

அந்தப் பக்கத்தில் வந்த எட்டுக் கடிதத்தில் மரகதம் என்ற பெயரே இல்லை.

எல்லாரும் சவுரியைப் பார்த்தோம். அவள் முகம் வெளிறிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவள், அதுதான் அவள் தொல்லை.

"அந்த வார்த்தை நீ எழுதினதா?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

"நான்தான் எழுதினேன். மொதல்ல நாலு வரி மரியாதைக்கு. லெட்டருன்னா அப்படித்தான் எழுதணும்னு சிஸ்டருங்க..."

"எங்களுக்கு ஏண்டி படிச்சிக் காட்டலை?"

"காட்டினா அடிச்சிடச் சொல்லுவீங்க."

அது உண்மைதான், சொல்லியிருப்போம். ஆனால் அடுத்து நான் சொன்னது இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றும். "அப்ப இத்தினி வருஷமா புஸ்தகத்துல இருந்ததத்தான் படிச்சியா, இல்ல அதுலயும் நீயா விட்டது, நீயா சேத்ததுன்னு எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு உடைக்கத் தொடங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை வாசிப்பு இல்லை. கதைப் பிடியும் இல்லை. அடுத்த வாரம் அவள் இதழை எடுத்தாள். லட்சுமியம்மாள் "மேஸ்திரி படிக்கட்டும்" என்றாள். தேவநாதன் படித்தார், ஏலம் போடுகிறவர் மாதிரி. சவுரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களில் எழுத்து தெரிந்த ஒரே ஒருத்தியின் பேச்சு எங்களிடம் செல்லாமல் போயிற்று. பொழுதுமணிக்கு அவள் இன்னும் இரண்டு கடிதம் எழுதினாள். மிச்சத்தையும் போடுங்கள் என்று கேட்டாளாம். அதிலும் மேலே வந்தனம் இருந்ததோ என்னவோ, பதில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வேறு விதமாக வந்தது. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுமணி வாசகர் கூட்டம். முடிவு பற்றிய கடிதங்களில் சவுரியம்மாள் கடிதத்துக்கு முதல் பரிசு. நீலக்கவசன் முழுவதையும் சேர்த்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகம் மேடையில் வழங்கப்படும். துணை ஆசிரியரே வருகிறார்.

"போவப் போறியா?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

"போறேன்."

"போ. நாங்களும் வர்றோம். மாலை போட்டுக்கினு நீ எப்படி இளிக்கறேன்னு பாக்கணும்."

பாராட்டுக்குப் பரிசு வாங்கிக்கொண்டு வந்தால் கொட்டகையில் அவளுக்கு இனி இடமில்லை. உடைக்க உட்காரலாம், அதை யாரும் தடுக்க மாட்டோம். ஆனால் அவள் வாயிலிருந்து வருகிற எதையும் ஒருத்தியும் நம்பப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கூட்டத்தன்று அவள் காலைப் பூசை முடித்துவிட்டு வந்தாள். நாங்கள் ஏழு பேர் அதே பஸ்ஸில் ஏறினோம். அவள் முன்னால், நாங்கள் பின்னால். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது இறங்கித் தண்ணீர் குடித்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு பெரிய ரோஷக்காரி பாருங்கள் நான்.

மண்டபம் நிறைந்திருந்தது. துணை ஆசிரியர் வெள்ளைச் சட்டையும் பளபளக்கிற கண்ணாடியுமாக இருந்தார். சவுரியை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அதன் முதல் பக்கத்தில் மடித்த ஒரு தாள் குத்தியிருந்தது.

"அம்மா தன் கைப்பட எழுதின அதே கடிதத்தை ஞாபகார்த்தமா இதுல வெச்சிருக்கோம்," என்றார். கூட்டம் கைதட்டியது. "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

சவுரி மைக்குக்கு முன்னால் நின்றாள். முதலில் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். குண்டூசியை எடுத்துத் தாளைப் பிரித்தாள். எழுத்துப் பக்கம் எங்களுக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"வணக்கம் கிணக்கம் இல்லீங்க. அதச் சொல்லித்தான் நான் மாட்டிக்கினேன். பின்னால என் ஜனங்க உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்களுக்கு எழுத்து தெரியாது. கோடு தெரியும். லட்சுமியம்மா, வீரம்மா, கிட்ட வந்து பாத்துக்குங்க."

வீரம்மா நான்தான். எழுந்து மேடை ஓரம் வரைக்கும் போனோம். தாளின் மேலே நாலு வரி. அதன் கீழே குறுக்கே ஒரு சிவப்புப் பென்சில் கோடு. கோட்டுக்குக் கீழே பக்கம் முழுக்க எழுத்து, அதன்மேல் மூலைக்கு மூலை பெரிதாக ஒரு இன்ட்டு. அந்த இன்ட்டின் ஒரு கால் எங்கள் கட்டைவிரல்கள்மேல் இறங்கியிருந்தது. மூன்றாவது வரிசையில் முதலாவது என்னுடையது. பாதி ரேகை விழுந்தது. அதை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"மேல நாலு வரி நானா எழுதினது. இவங்களுக்குப் படிச்சிக் காட்டலை. அது என் தப்பு. கீழ இருக்கிறது இவங்க சொன்னது. அத நீங்க இன்ட்டு போட்டீங்க. அது உங்க தப்பு. பரிசு எதுக்குக் குடுக்கணுமோ, அத நீங்க போடவே இல்லை. நான் படிக்கிறேன்."

'ஆனால்' என்று ஆரம்பித்தாள். கொட்டகையில் நாங்கள் கேட்ட அதே சொற்கள், அதே வரிசை. ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவில்லை. துணை ஆசிரியர் "நேரம் ஆகுதும்மா, ஜல்தி முடிச்சிக்குங்க" என்றார். அவள் நிறுத்தவில்லை. "மரகதத்துக்குப் பதில் சொல்லிவிட்டு" என்று அவள் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மரகதம் யாருங்க?"

எங்கள் கடிதத்தில் எதை வைப்பது, எதை அடிப்பது என்று கையில் சிவப்புப் பென்சிலோடு தீர்மானித்த மனிதர் அவர். அந்தக் கதையை அவர் படிக்கவே இல்லை.

"யாருன்னே தெரியாமலாடா அவளை அடிச்சே, பாவி!" என்று லட்சுமியம்மாள் போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருக்காது. கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். நடு வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து, "நானும் அதத்தாங்க எழுதிப் போட்டேன், என்னுதும் வரல" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த எட்டுக் கடிதத்துக்குப் பின்னால் எத்தனை கடிதம் குப்பைக்குப் போயிருக்கிறது என்று.

சவுரி புத்தகத்தில் பதினாலாம் வாரத்தைத் தேடிப் பிரித்தாள். சூடு வைத்த கட்டத்தின்மேல் விரலை வைத்து துணை ஆசிரியர் முன்னால் நகர்த்தினாள். "இவதாங்க," என்றாள். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்காரப் போனாள். லட்சுமியம்மாள் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து எங்கள் நடுவில் உட்கார வைத்தாள். "அந்த நாலு வரியில இன்னாடி எழுதினே, முழுசாச் சொல்லு" என்றாள். சவுரி சொன்னாள். "நல்லாத்தான் எழுதியிருக்கே, சனியன்" என்று லட்சுமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சவுரி படித்தாள். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் முறத்தில் பிடி போட்டார்கள். நான் கடைசியில் போனேன். அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தானே. மன்னிப்பு என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.

"ஒரு பிடி போதும் வீரம்மா," என்றாள் அவள். "இன்னொரு பிடிக்குப் பதிலா எழுத்து கத்துக்க. அப்புறம் நான் விட்டேனா சேத்தேனான்னு நீயே பாத்துக்கலாம்."

குத்திக் காட்டத்தான் சொன்னாள். காட்டட்டும், அவளுக்கு உரிமை உண்டு. மத்தியானச் சோற்று வேளையில் கரித்துண்டால் சாக்கில் எழுதிக் காட்டினாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஒரு வருஷம் பிடித்தது. நான் முதன்முதலில் முழுதாகப் படித்தது அந்தக் கடிதத்தைத்தான். இன்ட்டுக்கு அடியிலும் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

பொழுதுமணி அதை இன்றுவரை போடவில்லை. விழுப்புரம் கூட்டம் பற்றி ஒரு படம் போட்டார்கள், சவுரி கழுத்தில் மாலையோடு நிற்கிற படம். கீழே 'மகிழ்ச்சி பொங்கும் வாசகி' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து இந்த முறை கொட்டகையில் யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. தேவநாதன் அதைப் படிக்க வாயெடுத்தார். லட்சுமியம்மாள் பார்த்த பார்வையில் இதழை மடித்து வைத்துவிட்டார்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இதை எழுதும்போதுகூட சவுரி பக்கத்தில்தான் இருக்கிறாள். எட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஆசிரியருக்கு ஒரு நன்றி எழுதுடி, மரியாதையா இருக்கும்" என்கிறாள். சிலருக்கு எத்தனை பட்டாலும் புத்தி வராது.

எழுத மாட்டேன். ஆசிரியரே, உங்களிடமும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேலே நிற்பதும் கோபம்தான், கீழே நிற்பதும் கோபம்தான். அடியில் இருப்பது என் கையெழுத்து. ரேகை இல்லை.

வீரம்மாள்
திண்டிவனம்